விழுங்கியதும் ஒட்டியதும்

ஜூன் 3, திங்கள்

நூறு செல்லில் எண்பது பச்சை! கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் நான் கொடுத்த ஒளிரும் நுண்துகள்களையும் விழுங்கியிருக்கின்றன. பின்னாளில் இந்தத் துகளுக்குள்ளே காசநோய் மருந்தை வைத்து அனுப்பலாம். பிரசவ விடுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் முடிவு. பதினெட்டாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. என்னைத் தொடர விடுவதா என்று அன்று முடிவு செய்வார்கள்.

பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடி வருவதற்குள் மகள் நந்தனா அழுது ஓய்ந்திருந்தாள்.

ஜூன் 6, வியாழன்

திங்களன்று எடுத்த நுண்ணோக்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். பச்சைப் புள்ளிகள் பல செல்லின் ஓரத்தில். உள்ளே போனவையா, மேலே ஒட்டியவையா?

மேலே ஒட்டிய துகள்கள் போக, செல்களை மூன்று முறை கழுவியிருக்க வேண்டும். அன்று ஒரு முறைதான் கழுவினேன். ஐந்தரை ரயில், பிள்ளைக்குப் பால். நோட்டிலோ, வழக்கம்போலக் காலையிலேயே 'மூன்று முறை' என்று எழுதி வைத்துவிட்டேன்.

யாருக்குத் தெரியப்போகுது? எனக்குத் தெரியுமே.

ஜூன் 7, வெள்ளி

வழிகாட்டி லேகா மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

"எண்பதக் காட்டியிருந்தா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. பின்ன எதுக்குச் சொன்னே?"

அழுகைதான் வந்தது.

"செரி, கரையண்டாம். நோட்டுல அத வெட்டி, தேதி போட்டு கையொப்பு வை. திரும்பச் செய். ஒரு செல் தட்ட ஐஸ்ல வை."

குளிரில் செல்கள் விழுங்காது. அந்தத் தட்டில் ஒளிர்வதெல்லாம் வெறுமனே ஒட்டியதுதான்.

ஜூன் 12, புதன்

பிந்தி வருவேன் என்று மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இந்த வண்டி போனா அடுத்த வண்டி உண்டு மக்கா. கூவரவு கூழு காய்ச்சிக் குடுக்க எனக்குத் தெரியாதா? நீ வரேல்லேன்னு பிள்ள பட்டினி கெடக்கேல்ல. நீதான் கெடக்க!"

மூன்று முறை கழுவினேன். அவசரப்படவில்லை. ஐஸ் தட்டில் நூற்றுக்கு நான்கு. உடல் சூட்டில் வைத்த தட்டில் முப்பத்தொன்று. செல்லை அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தேன் — துகள்கள் உள்ளேதான் இருக்கின்றன.

எண்பது எங்கே, முப்பத்தொன்று எங்கே. ஆனாலும் இது நிஜம்.

ஜூன் 17, திங்கள்

மூன்றாவது தடவையும் செய்தாயிற்று. நாளை குழுவுக்குக் காட்டப் படங்களை எடுத்து வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

பழைய படம், புதிய படம் இரண்டையும் குழுவின் முன் அருகருகே வைத்தேன். எண்பது ஏன் தப்பு என்று நானே சொன்னேன்.

குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "குழந்தை பெத்துட்டு வந்தா கவனம் செதறும், இல்லியா?"

"செதறிச்சு சார். அதக் கண்டுபிடிச்சதும் நான்தான்."

நானா அப்படிச் சொன்னேன்? லேகா மேடம் தலை குனிந்து சிரிப்பை அடக்கினார்.

"முப்பத்தொண்ணு திரும்ப வருமா?"

"மூணு தடவ செஞ்சேன் சார். இருபத்தொம்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திமூணு."

அவர் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு வருடம்!

ஜூன் 19, புதன்

மாமியார் பெருங்கடவிளையில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்துகொண்டிருந்தார். நான் அடுக்களையில் இருந்தது அவருக்குத் தெரியாது.

"நூத்துக்கு முப்பத்தொண்ணு... தோக்கேல்லடி, ஜெயிச்சாச்சு! பொய் சொல்லியிருந்தா எண்பது கிட்டியிருக்கும். எனக்க மருமவ சொல்லேல்ல. பின்னே, அவளாக்கும்!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அசையவில்லை.