உன் மகள் காரின் முன்சக்கரம் குறித்து, மச்சானுக்கு

சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அன்பு மச்சான் செங்கோடனுக்கு,

நேற்று பேப்பரில் உன் படம் வந்திருந்தது. இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி. படத்துக்குக் கீழே "அமைதியே உருவானவர், எவரிடமும் விட்டுக்கொடுத்துப் போனவர்" என்று போட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது உன் தங்கை பாவாயி. அவள் எனக்கு மனைவி என்பதால் வீட்டில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். நாமக்கல்லில் நம் பட்டறையில் உன்னோடு ஒரே கூரைக்குக் கீழே கிழவனானவன் நான். நீ ஒரு வாஷரைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

நம் வழக்கு என்னவென்று படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். லாரியின் முன்சக்கரம், வண்டி காலியாக நிற்கும்போது மேல்பக்கம் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்க வேண்டும், பாரம் ஏறினால் அச்சு அமுங்கித் தானாக நேராகிவிடும் என்பது உன் கட்சி. காலியோ பாரமோ, சக்கரம் என்றால் சுவர் மாதிரி நேராக நிற்க வேண்டும் என்பது என் கட்சி. நீ சாய்த்த லாரியை நான் நேராக்குவேன். நான் நேராக்கியதை நீ சாய்ப்பாய். டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி இரண்டு மதம் மாறியிருக்கும்.

எந்தப் படிப்பும் படிக்காமல், அச்சுக்கு அடியில் படுத்துப் படுத்துக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அப்படிக் கற்றவன் ஒன்றைப் பிடித்தால் விடுவானா?

சரி, செய்திக்கு வருகிறேன். சேலத்தில் வேலை பார்க்கிற உன் மகள் ரேவதி புதுக் கார் வாங்கியிருக்கிறாள். நீ நினைக்கிற மாதிரிக் கார் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டே கதவு. நாலு பேர் உட்காரலாம் என்று சத்தியம் செய்கிறாள். பின்சீட்டில் நான் பார்த்தவரை ஒரு பலாப்பழம் கொஞ்சம் ஒடுங்கி உட்காரலாம்.

பட்டறைக்கு எதிரே நம் பிள்ளையார் கோயிலில்தான் பூஜை போட்டோம். வண்டி அவ்வளவு தாழ்வு. வாய்க்கால் மேட்டில் மூக்கு இடிக்கும் என்று பலகை போட்டு ஏற்றினோம். லாரிக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, "ஏனுங்க, தவக்களையாட்ட உக்காந்திருக்குது, எந்திரிக்குமுங்களா?" என்று கேட்டார்கள். எலுமிச்சம்பழம் வைக்கும் உரிமை மாமனான எனக்கு. நாலு சக்கரத்துக்கும் நானே வைத்தேன்.

பின்சக்கரத்துப் பழங்கள் ஒழுங்காக நசுங்கின. முன்சக்கரத்துப் பழம் ஒன்று நசுங்காமல் வெளியே துள்ளி, முழுசாக உருண்டு, சாக்கடைக்குள் போய் விழுந்தது.

அபசகுனம் என்று கூட்டம் பயந்தது. நான் அந்த மாதிரி ஆளா? நேராகச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தது. உன் லாரிகளாவது வெளியே சாயும். இது முட்டி தட்டுகிற ஆள் மாதிரி உள்ளே சாய்ந்திருக்கிறது.

"அம்மிணி, உன்னைய ஏமாத்திப் போட்டானுங்க. முன்சக்கரம் கோணை. பழமே சொல்லிருச்சு பாரு" என்றேன்.

"மாமா, பழத்த ஓரத்துல வெச்சா உருளத்தானுங்க செய்யும்" என்றாள்.

பழம் வைத்தது நான். அதில் தவறு வர இடமே இல்லை.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. கோயமுத்தூர் பக்கம் ஓடுதளத்தில் கார் போட்டி வருகிறதாம், பேர் கொடுத்திருக்கிறாளாம். வளைவில் வேகமாகத் திரும்ப இந்தச் சாய்வு, கேம்பர் என்கிறார்களே அது, போதாதாம். கம்பெனிக்காரர்கள் அவர்கள் வைத்ததற்கு மேல் மாட்டேன் என்கிறார்களாம். "நீங்க இன்னுங் கொஞ்சம் உள்ள சாச்சுக் குடுங்க மாமா. கேம்பர் வெக்கறதுல உங்கள உட்டா ஆரு?" என்றாள்.

புகழ்ச்சிக்கு நான் மயங்குகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் காதில் விழுந்தது.

இதற்கிடையில் உன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உங்க மாமன் பாத்து, சக்கரம் சரியா இருக்குது, போகலாம்னு ஒரு வார்த்த சொல்லோணும். இல்லீன்னா நீ போகவே வேண்டாம்." அப்புறம் எனக்குத் தனியாகப் போன் செய்தார். "தம்பி, எனக்கு இவ ஒருத்திதானுங்களே" என்றார். நீ இருந்திருந்தால் இந்தப் பாரம் உன் தலையில் இருந்திருக்கும். வசதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நேராக வைத்தால்தான் நான் சரி என்பேன். சாய்த்தால்தான் அவள் ஓட்டுவாள். யார் மகள்?

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முதலில் என் முறை, பிறகு அவள் முறை. இரண்டையும் கொல்லிமலை வளைவில் வைத்துப் பார்ப்பது. பட்டறையிலேயே பானெட்டைத் திறந்தேன். ஸ்பிரிங்கின் தலையை மூன்று நட்டுகள் பிடித்திருக்கின்றன. தளர்த்தித் தலையை வெளியே தள்ளினால் சக்கரம் நேராகும், உள்ளே தள்ளினால் சாயும். அவ்வளவுதான் விஷயம். நம் லாரி அச்சை வளைக்க நாம் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் பொம்மை வேலை. தூக்குக்குண்டு நூலோடு சக்கரம் ஒட்டி நிற்கும்படி நேராக வைத்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மலைக்குப் போகும் வழியெல்லாம் அந்த சீட்டில் நான் உட்காரவில்லை, படுத்திருந்தேன். கையைக் காலை நீட்டி, முகம் வானத்தைப் பார்க்க. பாடை இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

ஏற்றத்தில் ஒரு வளைவில் என்னை இறக்கிவிட்டாள். தூக்குக்குண்டைக் கையில் தொங்கவிட்டு ஓரமாக நின்றேன். நூலுக்கு அந்தப்புறம் சக்கரம் போகும்போது நேரா, சாய்வா என்று தெரிந்துவிடுமல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் நின்று, கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க பெரியவரே, ரோட்டுக்கு நடுவால ஊடு கட்டறீங்களா?"

"ஆமாங்க. உங்க பஸ் முட்டாத எடமாப் பாத்துட்டு இருக்கறன்" என்றேன். பஸ்ஸே சிரித்துக்கொண்டு போனது.

அவள் கீழிருந்து வந்தாள். எதிரே வண்டி இல்லை என்று நான் துண்டை அசைத்த பிறகுதான் திருப்பினாள். வண்டி வளைவில் சாய்ந்தது. மச்சான், நான் நூல் பிடித்து நேராக வைத்த வெளிப்பக்கச் சக்கரம், ஆடுகிற கட்டில்கால் மாதிரி வெளியே மடங்கியது. டயரின் ஓரம் மட்டும் தரையைக் கவ்விக்கொண்டு கீச்சென்று கத்தியது.

"பாத்தீங்களா மாமா?"

"ரோடு சாய்வு" என்றேன்.

அவள் வண்டியை ஓரமாக, சமதரையில் நிறுத்தினாள். ஸ்பேனரை எடுத்தாள். "நீங்க தொட வேண்டாம். உங்க கொள்கை கெட்டுப்போயிரும். நானே சாச்சுக்கறன். பாத்துட்டு மட்டும் இருங்க" என்று சொல்லி நட்டுகளைத் தளர்த்தி, ஸ்பிரிங்கின் தலையை உள்ளே தள்ளி, முடுக்க ஆரம்பித்தாள்.

அவள் ஸ்பேனர் பிடித்த விதம் இருக்கிறதே! உன் பிடி. உனக்கும் அது வராது, அவளுக்கும் வரவில்லை. ஒரு நட்டை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா முடுக்க வேண்டும்? எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பிடுங்கி நானே செய்தேன். நட்டு முடுக்கத்தான் கை வைத்தேன். சாய்ப்பதற்கு இல்லை. சாய்வு மாறினால் சக்கரத்தின் மூக்கும், அதாவது முன்னோரமும், ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், அதனால் வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி அதையும் சரி செய்தேன். அதுவும் சாய்ப்பதில் சேராது.

மறுபடி வளைவில் நின்றேன். துண்டை அசைத்தேன். அவள் வந்தாள்.

நிற்கும்போது கோணையாக இருந்த அந்தச் சக்கரம், வண்டி வளைவில் சாய்ந்ததும் எழுந்து நின்றது. என் நூலோடு ஒட்டி, துளி பிசகாமல் நேராக நின்றது. டயர் முழு அகலத்துக்கும் தரையில் பதிந்திருந்தது. சத்தமே இல்லை.

இறங்கி வந்தாள். "இப்ப என்னங்க சொல்றீங்க? அப்பா சொன்னதும் இதத்தானுங்களே. நிக்கறப்ப சாஞ்சிருந்தா, வேலையின்னு வாறப்ப நேராகிக்கும்னு."

"உங்கப்பன் சாயோணும்னு சொன்னான். நான் நேரா நிக்கோணும்னு சொன்னேன். வளைவுல எப்படி நின்னுச்சு?"

"நேராத்தான்."

"அப்பறம் என்ன?"

அவள் பானெட்டின் மேல் கவிழ்ந்து விழுந்து சிரித்தாள். பெரியவர்களிடம் நியாயம் தோற்கும்போது சின்னவர்கள் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், மச்சான். இத்தனை காலம் பட்டறைக்குள் நின்று கத்தினாயே, ஒரே ஒரு நாள் என்னை இழுத்துப்போய் ஒரு பாரவண்டிக்கு முன்னால் நிறுத்தி, தூக்குக்குண்டைக் கையில் கொடுத்திருக்கலாமே? சொல்லத் தெரியாமல் சொன்னது உன் குற்றமா, கேட்காமல் போனது என் குற்றமா? பதில் வராது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

போட்டியன்று காலையில் அக்கா போன் செய்தார். "தம்பி, சக்கரம் நேரா இருக்குதுங்களா?" உன் மகள் பக்கத்தில் ஹெல்மெட்டோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்த சக்கரத்தைச் சரி என்று நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

"சரியா இருக்குதுங்க அக்கா. நானே வெச்சேன். போயிட்டு வரட்டும்" என்றேன்.

அவள் ஓட்டியதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்ற பிறகு திறந்தேன். உன் மகள் முழுசாக வந்து சேர்ந்தாள். எத்தனையாவது என்று கேட்காதே. கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் இடம். ஆனால் வளைவில் ஓர் இடத்தில்கூட வண்டி தடம் விட்டு விலகவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். அக்காவிடம் அதை மட்டும் சொன்னேன்.

போன வாரம் பட்டறைக்கு வந்தாள். "மாமா, போட்டி முடிஞ்சுதுங்க. இனி ஆபீசுக்குத்தான் ஓட்டப்போறேன். இப்படியே உட்டா டயர் உள்பக்கம் தேஞ்சுபோகும். உங்க இஷ்டப்படி நேரா வெச்சுருங்க."

அவளாகவே வந்து, நேராக வை என்கிறாள். நான் காத்திருந்த வார்த்தை. ஸ்பேனரையும் எடுத்துவிட்டேன். பானெட்டைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிவிட்டேன்.

"ஏனுங்க மாமா?"

"தேஞ்சா தேயட்டும் சாமி. அடுத்த போட்டிக்குப் பேர் குடுத்துட்டயா?"

ஆகவே, மச்சான், எழுதிக் கொடுக்கிறேன். அவள் எந்த ஓடுதளத்துக்குப் போனாலும், முதல் நாள் அந்த முன்சக்கரத்தை என் கையால் பார்த்துத்தான் அனுப்புவேன். எவ்வளவு சாய்க்கச் சொல்கிறாளோ அவ்வளவு சாய்ப்பேன். ஆனால் நேராக வைத்திருக்கிறேன் என்றுதான் ஊரில் சொல்வேன். நீயும் மேலே அப்படியே சொல்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவனும், உன் மகளுக்கு மாமனும், உன்னிடம் இன்றுவரை தோற்காதவனுமான
மாப்பிள்ளை கந்தசாமி