விமானத்தை முந்தும் கப்பல்

கொழும்பு, 12.3.1949

அன்புள்ள ருகையாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் வயிற்றிலுள்ள நம் பிள்ளையும் நலமாயிருக்க துஆ கேட்கிறேன்.

நேற்று முதலாளி, "ஏ ஈஸா, பிறந்த பிள்ளை காதுல நீயே பாங்கு சொல்லணும்லா? என் செலவுல ஏரோப்பிளேன்ல போ" என்றார். நான் வாயெல்லாம் பல்லாகிக் கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். பிறகுதான் விசாரித்தேன். மூன்று மணி நேரத்தில் சென்னையில் இறக்கிவிடுமாம். அங்கிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும்! கப்பலில் சாயங்காலம் ஏறினால் விடியும்போது தூத்துக்குடி. கடையே சிரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கப்பலேறுகிறேன்.

மாமியிடம் மீன் ஆணம் வைக்கச் சொல். இங்கே தனியாக உட்கார்ந்து தின்று சோறே ருசிக்கவில்லை.

தபால்காரர் பையைக் கட்டுகிறார். பிள்ளை அவசரப்பட்டால், "வாப்பா கப்பல்ல வாராக, கொஞ்சம் பொறு" என்று சொல்லி வை.

உன் ஈஸா