மாடிக் கதவைத் திறக்காதீர்கள்

அத்தை,

கோயிலிலிருந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். மாடிக் கதவைத் தாழிட்டிருக்கிறேன். உங்கள் மகன் மேலேதான் இருக்கிறார். திறக்காதீர்கள்.

நான் யாரிடமும் பேசக்கூடாது என்று என் போன் சார்ஜரை அவர் பிடுங்கி வைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதனால் மலிவாக ஒரு சோலார் சார்ஜர் வாங்கி, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயிலில் வைத்திருந்தேன். இன்று காலை போனை எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்துவிட்டார். "எவன்டி வாங்கிக் குடுத்தது? எம்புட்டு நாளா நடக்குது?" என்று கேட்டு, சார்ஜரைச் சுவரில் அடித்து நொறுக்கினார். அடுத்து என் தலையையும் அதே சுவரில் மோதினார். துணிக் கம்பை எடுத்து அவர் முழங்காலில் ஓங்கி அடித்துவிட்டு, போனோடு கீழே ஓடிவந்தேன்.

போனில் சார்ஜ் இருந்தது. போலீஸுக்குச் சொல்லிவிட்டேன். என் அண்ணனையும் வரச் சொன்னேன். ரத்தம் நிற்கவில்லை, அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். படியெல்லாம் ரத்தம், வழுக்கும், பார்த்து நடங்கள். சாப்பிட்டுவிட்டு சுகர் மாத்திரை போடுங்கள்.

ஹம்சவேணி

தாகமெடுத்தால் தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொள்வார்.

"அம்மா, கதவைத் திற" என்று அழுவார். நீங்கள் திறந்தால் உங்கள்மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் இந்த வீட்டுக்கு இனி வரமாட்டேன்.