வெண்ணெய்ப் பழமும் நாலு முட்டையும்

திருத்தணி
12-5-1978

அன்புள்ள பாவாவுக்கு,

அம்சா எழுதுவது. நானும் உங்கள் நைனாவும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் பாதி நலம்.

போன திங்கட்கிழமை ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டிவிட்டது. பக்கத்து மேசை சந்திராதான் தண்ணீர் தெளித்து எழுப்பி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். சர்க்கரை இருக்கிறதாம். முப்பத்தெட்டு வயதில்! “மத்தியானம் சோத்தக் கொறச்சிடு. முட்டை, பச்சைக் காய் எதுனா சாப்புடு. தெனம் மோர்சோறும் ஊறுகாயும் துன்னுகினு இருந்தா ஒடம்பு எப்படிம்மா நிக்கும்?” என்று திட்டினார்.

விடிவதற்குள் எழுந்து மாமாவுக்கு வெந்நீர், கஞ்சி, மாத்திரை. தண்ணீர் பிடித்து, துணி அலசி, பத்து மணிக்குள் தாலுகா ஆபீஸ். இதில் எனக்கென்று தனியாக எதைச் சமைப்பது? சொல்லவே அலுப்பாக இருக்கிறது. பங்களாவில் ஊரான் வயிற்றுக்கு வகைவகையாகச் சமைத்துப் போடுகிற உங்களுக்குத்தான் நான் பெண்டாட்டி. சோறில்லாமல் மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று எழுதுங்கள்.

நேரில் வந்து சொன்னாலும் சரி. நாலு வருஷமாக இந்த வரியை எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உங்கள் அம்சா

குன்னூர்
20-5-1978

என் அம்சாவுக்கு,

உன் கடிதம் படித்த அன்று சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். பங்களா அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். 

அந்த அம்மாவுக்கும் சர்க்கரைதான். மத்தியானம் ஒரு பருக்கை சோறு தொடமாட்டார்கள். பட்டர் ஃப்ரூட் என்று ஒரு காய். நம் பாஷையில் வெண்ணெய்ப் பழம். அதோடு அவித்த முட்டை, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்து சாலட். அதுதான் சாப்பாடு. அறுபது வயதில் தோட்டம் முழுக்க நடக்கிறார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் அட்டெண்டராக இருக்கும் நம் அரக்கோணம் தங்கவேலிடம் ஆறு காய் கொடுத்தனுப்புகிறேன். செய்து சாப்பிடு.

வரச் சொல்கிறாய். “கரண்டி புடிக்கிறவன்லாம் எனக்குப் புள்ளையா?” என்று நடுத்தெருவில் நின்று நைனா கேட்டாரே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் வாயால் கூப்பிடட்டும், மறுநாளே வண்டி ஏறுகிறேன்.

உன் நாகேந்திரன்

திருத்தணி
3-6-1978

அன்புள்ள பாவாவுக்கு,

காய் வந்தது. கல் மாதிரி இருந்தது. தோல் சீவி, நறுக்கி, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிட்டேன். மாமா ஒரு வாய் வைத்ததும் முகம் கோணிக்கொண்டு, “இன்னாமா இது, வேப்பங்கொட்டைய அரைச்சுப் போட்டியா?” என்றார். நானும் வாயில் வைத்துப் பார்த்தேன். கசப்பு நாக்கைவிட்டுப் போக அரைநாள் ஆயிற்று. உங்கள் பங்களா அம்மா பெரிய மனுஷிதான், இதைத் தினம் தின்கிறார்களே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நான் முட்டை சாப்பிடுவதில்லை. நீங்கள் போனதற்கு அடுத்த கிருத்திகைக்கு மலையேறி முருகனிடம் வேண்டிக்கொண்டேன், நீங்கள் திரும்பி வந்து இந்த வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் முட்டை தொடுவதில்லை என்று. முட்டை என்றால் எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மிளகுத் தூள் தூவி ஆம்லெட் போட்டுத் தருவீர்களே, அதனால்தான் அதையே விட்டேன். பிடிக்காத பாகற்காயை விட்டால் சாமி ஏமாறுமா?

டாக்டரம்மா முட்டை, முட்டை என்கிறார். நான் சரி, சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்சா

குன்னூர்
11-6-1978

என் அம்சாவுக்கு,

தப்பு என்னுடையது. அதைப் பழுக்க வைக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டேன். தெரிந்தவனுக்கு எல்லாம் சுலபம், அதுதான் மறந்துபோகிறது. மரத்தில் அது பழுக்காது. அரிசிப் பானைக்குள் நாலு நாள் புதைத்து வை. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். பிறகு இரண்டாக வெட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் கரண்டியால் வழித்துக்கொள். அடுப்பே காட்டாதே, சூடு பட்டால் கசக்கும். எலுமிச்சை பிழியாவிட்டால் கறுத்துவிடும். முட்டையைப் பொடிப்பொடியாக நறுக்காதே, ஒன்றை எட்டாக வெட்டினால் போதும். உப்பு, மிளகு கடைசியில். மறுபடியும் ஆறு காய் அனுப்பியிருக்கிறேன்.

வேண்டுதலைப் பற்றிப் படித்த பிறகு இரண்டு நாள் நான் முட்டை உடைக்கும்போதெல்லாம் கை நின்றது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே அம்சா. என் மேல் இருக்கிற கோபத்தை உன் வயிற்றில் காட்டாதே. நைனா ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் என்ன மாட்டேன் என்றா சொல்கிறேன்?

உன் நாகேந்திரன்

திருத்தணி
5-7-1978

அன்புள்ள பாவாவுக்கு,

இந்தத் தடவை பழம் பழுத்தது. நீங்கள் எழுதினபடியே செய்தேன். எனக்கு முட்டையில்லாமல் எடுத்துக்கொண்டு, மாமாவுக்கு முட்டை போட்டு ஒரு கிண்ணத்தில் வைத்தேன். பல்லில்லாத வாய்க்கு அது சுகமாக இருந்திருக்கிறது. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “யாருமா கத்துக் குடுத்தது?” என்றார்.

“உங்க புள்ளதான் எழுதி அனுப்புனாரு” என்றேன்.

 கை கழுவக்கூட எழவில்லை. பிறகு, “நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு வரச் சொல்லி எழுது. நான் கூப்புட்டேன்னே எழுது. நம்பமாட்டான், குடு, கையெழுத்துப் போடறேன்” என்றார்.

கீழே கோணல்மாணலாக இருப்பது அவர் கையெழுத்துதான். நாலு வருஷம் நீங்கள் கேட்ட வார்த்தை வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் அம்சா
வீரபத்திரன்

குன்னூர்
15-7-1978

என் அம்சாவுக்கு,

நைனாவின் கையெழுத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வேறென்ன எழுதுவது? பத்து நாள் லீவு கேட்டேன், பங்களா அம்மா சரி என்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஏறுகிறேன். கிருத்திகையன்று காலை அரக்கோணத்தில் இறங்கி, கிடைக்கிற முதல் வண்டியில் வந்துவிடுவேன்.

நாலு முட்டை வாங்கி வை. கிருத்திகை கழிந்த மறுநாள் என் கையால் சாலட் செய்து தருகிறேன். உனக்கு ஒன்று, நைனாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. சமைக்கிறவனுக்குப் பங்கு அதிகம்.

உன் நாகேந்திரன்

திருத்தணி
3-8-1978

பாவாவுக்கு,

கிருத்திகையன்று மாமா சவரம் செய்துகொண்டு, சலவை வேட்டி கட்டி, காலை ஆறு மணிக்கே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். காவடிக் கூட்டத்தில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தோம். நாலாவது வண்டியில் தங்கவேல் இறங்கினார், கையில் பழக்கூடை.

பங்களாவில் திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார்கள், அடுத்த மாதம் வருகிறேன் என்று நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னார். சொன்னவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அக்கா, பொய் சொல்ல எனக்கு வரல. பெட்டியோடதான் மேட்டுப்பாளையம் வந்தாரு. கூடைய உள்ள வச்சிட்டு பிளாட்பாரத்துலயே நின்னுகினு இருந்தாரு. வண்டி நகர்ந்துச்சு, ‘ஏறுண்ணா’ன்னு கத்துனேன். ஏறல” என்றார்.

மாமாவிடம் விருந்தாளி கதையைத்தான் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வேட்டியை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார்.

உங்கள் மேல் கோபமில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். நைனா கூப்பிடவில்லை என்பது உங்களுக்கு ஒரு சாக்கு, அது இல்லாமல் போனதும் காலே வரவில்லை. எதனால் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். நான் இனி கேட்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் படியேறினேன். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. சூடம் ஏற்றி, “நீ பொய்த்துப் போகவில்லை முருகா, எனக்குத்தான் முடியவில்லை. என் வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்” என்று வாய்விட்டே சொன்னேன். இறங்கும்போது ஓர் இடத்திலும் உட்காரவில்லை.

நேற்று புதன்கிழமை. நீங்கள் அனுப்பின பழம் அரிசிப் பானையில் நாலு நாள் இருந்து பதமாகப் பழுத்திருந்தது. காலையில் இரண்டு முட்டை அவித்தேன். ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு. எட்டாக வெட்டினேன். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு, மிளகு கடைசியில் தூவி, டிபன் பாக்சில் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். முதல் வாய் வைத்ததும் சந்திரா, “இன்னாக்கா, நீங்க முட்டை சாப்புடறீங்க! வூட்டுக்காரரு வந்துட்டாரா?” என்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டு முழுவதும் சாப்பிட்டேன். மிகவும் நன்றாக இருந்தது, பாவா. நாலு வருஷத்து ருசி. சாயங்காலம் வரைக்கும் கண் இருட்டவில்லை.

கூடை இனி அனுப்ப வேண்டாம். தங்கவேலுக்கும் சங்கடம். மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

இன்னும் இரண்டு முட்டை இருக்கிறது, உங்கள் பங்கு. நாளைக்கு அதையும் அவித்துவிடுவேன். வைத்திருந்தால் கெட்டுப்போகும்.

அம்சா