சாரத்து ஆட்களுக்கு வைத்த பொட்டு

என் கண்ணு கதிருக்கு, அக்கா எழுதுகிறேன்.

நீ காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை முடிந்தது. அவிநாசி ரோட்டில் திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடி எழும்புகிறதாம். நான் எங்கே போய்ப் பார்த்தேன்? உன் மச்சான் வந்து சொல்வதுதான்.

நீ கரித்துண்டால் வரைந்து கொடுத்த படம் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. கோடு கோடாகக் கட்டடத்துச் சாரம், அதன்மேல் முகமில்லாத ஐந்தாறு பேர், காலுக்குக் கீழே தீப்பெட்டிகளாகக் கோயமுத்தூர். சாந்துச் சட்டியோடு நிற்கிற பெண்ணைக் காட்டி, "இது நீங்கதானுங்கக்கா" என்றாய். கோயிலுக்குப் போகவே இரண்டு பேரிடம் கேட்க வேண்டியவளை ஏன் கண்ணு அவ்வளவு உயரத்தில் ஏற்றினாய்?

அந்தப் படத்தைத் தன் முதலாளிக்குத் தருவதாக உன் மச்சான் சொல்லிவிட்டு வந்தார். கட்டடம் கட்டுகிறவர், புது ஆபீசில் மாட்டுவாராம். "சரிங்க" என்றேன். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவள், இதை எந்தப் பக்கத்தில் எழுதுவேன்?

பூஜையன்று என் மாமியார் தையல் மெஷின், கிரைண்டர், ஸ்கூட்டர் என்று சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், கண்ணாடி போடாத உன் படத்திலும் ஒருவர் விடாமல் வைத்துவிட்டார்.

"ஏனுங்கத்தை, அவங்களுக்கு மூஞ்சியே இல்லீங்களே!"

"மூஞ்சி இல்லாட்டி என்ன, நெத்தி இருக்குதல்ல? அந்தரத்துல நின்னு வேலை செய்யற சனம். உட்டுப்போட்டா சாமிக்கு ஆகுமா?"

படத்தை எடுக்க வந்த முதலாளி சிரித்துவிட்டார். "இதென்னுங்க, ஆபீஸ்ல மாட்டறதா, பூசை ரூம்ல மாட்டறதா? தொடச்சு வைங்க, வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பறேன்." அவர் போனதும் உன் மச்சான் என் கையில் பழைய துணியைத் திணித்தார். துடைத்தால் கரியும் சேர்ந்து வந்துவிடும். இது அவருக்குத் தெரியாதா?

துணி மடியில் கிடக்கிறது. மருதமலை முருகனிடம் வழி கேட்டுப் பார்த்தேன். பொட்டு வைத்ததிலிருந்து படத்தில் இருப்பவர்கள் என்னையே பார்ப்பது போலிருக்கிறது. அவர்கள் இறங்க ஒரு ஏணி வரைந்திருக்கக் கூடாதா?

நான் துடைக்கப்போவதில்லை கண்ணு. வெள்ளிக்கிழமை ஆள் வந்தால் கதவைத் திறப்பவள் நான்தான். "குடுக்கறதுக்கில்லீங்க, இது என் தம்பி எனக்குக் குடுத்தது" என்று சொல்வேன். உள்ளே உன் மச்சான் இருந்தாலும், அவர் காதில் விழும்படி சொல்வேன். அடுப்படியில் யாரும் இல்லாதபோது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். குரல்தான் இன்னும் நடுங்குகிறது.

உன் கூடப்பிறந்தவள்,
ருக்மணி அக்கா