கதவு இடுக்கில் மாவிலை

மண்டி மொஹல்லா, மைசூரு

அன்புள்ள அம்மாவுக்குக் காவேரி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்று எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஃப்ரிட்ஜ் கதைதான்.

ஆயுத பூஜைக்கு ஹவுஸ் ஓனர் கேசவன், மாடியில் குடியிருக்கும் நாங்கள் எல்லோரும் புழங்கும் ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு வைத்து மாவிலைத் தோரணம் கட்டினார். மறுநாளிலிருந்து பால் திரிந்தது. அந்த மகானுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. "நீதான் சும்மா சும்மா தெறந்து பார்க்கறே. கூலிங் போயிடுச்சு, அஷ்டே, அவ்ளோதான்!" என்றார். அவர் கூட்டிவந்த மெக்கானிக் அவருக்கும் மேல். கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், பின்பக்கம் இரண்டு தட்டு தட்டி, "கேஸ் லீக்" என்று தீர்ப்புச் சொன்னான்.

கதவு இறுக மூடுகிறதா என்று பார்க்க, நான் இடுக்கில் காகிதம் வைத்து மூடி இழுத்தேன். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பார்த்தால், ரப்பரில் காய்ந்த மாவிலை சிக்கியிருக்கிறது! பிடுங்கி எறிந்தேன்.

"பூஜைக்குக் கட்டினதைப் பிய்க்கலாமா?" என்று ஓனர் பதறினார்.

"சாமியே வந்து தெறந்தாலும் கதவை ஒழுங்கா மூடத்தான் வேணும்" என்றேன்.

சாயங்காலமே ஐஸ் கட்டியது.

நம் ராமாபுரத்திலிருந்து யாராவது வந்தால் கொள்ளுத் துவையல் கொடுத்தனுப்பு. போன முறை நீ டப்பாவில் தந்தது இந்தக் கூத்தில் பூஞ்சை பூத்துவிட்டது. கொட்ட மனம் வராமல் உள்ளேயே வைத்திருக்கிறேன். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். ஓனர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை அம்மா. சும்மா சும்மா திறந்து பார்ப்பேன், உன் டப்பா இருக்கிறதா என்று.

காவேரி