குருணி விழாத படங்கள்

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மரக்கறி. அந்த நாளாகப் பார்த்துக் கமராப் பையைத் திறந்துவிட்டேன். குசினி அடுப்படி வரைக்கும் நெத்தலிக் கருவாடு மணத்தது. நீர் போய் ஒரு வருடமாகப் போகிறது ஐசே, மணம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. அந்தப் பையில் நீள லென்ஸுக்கென்று தனியாக ஓர் அறை உண்டு. லென்ஸ் வாங்கும் வரை இடம் சும்மா கிடப்பானேன் என்று நீர்தான் அதற்குள் கருவாட்டுப் பொட்டலம் வைத்தீர். லென்ஸ் கடைசி வரை வரவில்லை. என் மனிசி பையை முற்றத்தில் வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக் கருவாட்டுக்கு அவள் ஏசாமல் விட்டது சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை.

கனடா மச்சான் தனக்கு அலுத்துப்போன கமராவை என் தலையில் கட்டிவிட்டுப் போனபோது, நான் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறையில் இருந்த உமது வலைக்கடைக்குத்தான் வந்தேன். வேலை செய்யும் கந்தோரில் காட்டினால் ஆளாளுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துத்தரச் சொல்லுவார்கள் என்று பயம். ஐம்பது தாண்டிய இரண்டு பேர், ஆள் வராத மத்தியானங்களில் நைலோன் வலைக்கட்டுகளின் மேல் இருந்து, யூடியூப் பார்த்துப் படம் பிடிக்கப் படித்தோம். நீர் மூன்று பனஞ்சிலாகையில் கமராவுக்கு முக்காலி செய்தீர். சுருவில் ஊர்க் கடற்கரைச் சேற்றில் அதன் ஒரு கால் மட்டும் புதையத் தொடங்க, பாய்ந்து கமராவைக் காப்பாற்றிவிட்டு, உமது ஒற்றைச் செருப்பைக் கடலுக்குக் கொடுத்தீர். மற்றச் செருப்போடு ஊர்காவற்றுறை வரை சைக்கிளில் போன உம்மைப் பற்றி நான் எங்கள் ஊர் புளியங்கூடல் முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு கிழமை பிடித்தது.

எங்களைக் கெடுத்தவர் யூடியூப் மனிதர் ஒருவர். வெளிச்சம் குறைந்த இடத்தில் கூட்டுகிற எண் ஒன்று கமராவில் இருக்கிறதல்லவா, ஐஎஸ்ஓ. அதைக் கூட்டினால் படம் முழுக்கப் பொட்டுப் பொட்டாய் விழுந்து நாசமாகும் என்று சொன்னார். அந்தப் பொட்டுகள் உடைந்த அரிசி போலிருக்கின்றன என்று நீர் குருணி என்று பெயர் வைத்தீர். நான் அன்றுதொட்டு எண்ணை நூறுக்கு மேல் ஏற்றவில்லை. விடியப்புறமோ மழைமூட்டமோ, நூறுதான். அதனால் கமரா தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அசைகிற எதுவும் புகையாகிவிடும். கட்டிக்கிடக்கிற தோணி வரும். கோட்டைச் சுவர் வரும். நீர் வரமாட்டீர்.

வெளிச்சம் பார்க்க எப்போதும் உம்மைத்தான் முன்னால் நிறுத்துவேன். உமக்கு வாய் நின்றாலல்லவா கை நிற்கும்! சிலைபோல் அசையாமல் நில்லும் என்று நான் அதட்ட, "நான் என்ன கோயில் சுருவமே?" என்று அதற்கும் கையை ஆட்டுவீர்.

நெடுந்தீவுக்குப் போனது அப்படியொரு மூட்ட நாளில்தான். மரத்தடியில் குதிரையொன்று நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. நீர் அதன் பக்கத்தில் நின்று, எங்களைக் கொண்டுவந்த படகோட்டியின் கதையை எடுத்துவிட்டீர். அந்த மனிதர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமியாரோடு பல வருடம் கதைக்கவில்லையாம். பிறகு ஒருநாள் விடியக் காலமை எழும்பி, தானாகவே போய்க் கதைத்தாராம். ஏன் கதைத்தார் என்கிற இடத்துக்கு நீர் வரும்போது, வாயை மூடும் என்று கத்திக்கொண்டு நான் கமராப் பொத்தானை அமத்தினேன். கதை அந்த இடத்திலேயே அறுந்தது. குதிரைக்கு இமைமயிர் எண்ணலாம் போல் வந்தது. நீர் புகை.

கமராவின் பின்திரையில் பார்த்துவிட்டு நீர் கோபிக்கவில்லை. "குருணியெண்டாலும் சோறுதானே ஐசே, எண்ணைக் கூட்டும்" என்றீர். இன்னொரு நாள், "நீர் உயிரில்லாததுகளை நல்ல வடிவாய் எடுக்கிறீர்" என்றீர். அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னவன் நான்.

பிறகு ஒரு பின்னேரம் கடையைப் பூட்டப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தீர்; எழும்பவில்லை. பாரிசில் இருக்கும் உமது மகளுக்கு வர வழியில்லை. செத்தவீட்டைப் படமெடுத்து அனுப்புவது இங்கே வழக்கம்தானே, அந்த வேலை என் கையில் வந்தது. உங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குள் வெளிச்சம் காணாது. பழக்கத்தில் நூறிலேயே வைத்து எடுத்தேன். சவப்பெட்டியைச் சுற்றி நின்று அழுதவர்கள் எல்லோரும் புகையாய்ப் போனார்கள். நடுவில் நீர் மட்டும், மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிய, அவ்வளவு துலக்கமாக இருந்தீர். இத்தனை காலத்தில் உம்மை நான் ஒழுங்காக எடுத்த ஒரே படம்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்குக் கோயிலில் வைக்கவும், பிறகு வீட்டுச் சுவரில் கொழுவவும் ஒரு படம் வேண்டுமென்று உமது மனிசி என்னிடம் வந்தா. கலியாண அல்பம் சண்டைக்கால இடம்பெயர்வோடு போய்விட்டது. அடையாள அட்டையில் நீர் ஆடு களவெடுத்துப் பிடிபட்டவர் போல இருக்கிறீர். கைத்தொலைபேசியில் நீரே எடுத்துக்கொண்டவற்றில் பாதி நெற்றி, மீதி கூரை. "அண்ணை, உங்களிட்டை எக்கச்சக்கம் கிடக்குமெல்லே?" என்றா. எக்கச்சக்கம் கிடந்தது. கணினியைத் திறந்து, வெட்கத்தில் ஒவ்வொன்றையும் ஓட ஓடத் தட்டினேன். நெடுந்தீவுப் படத்தில் நிறுத்தச் சொன்னா.

"இதிலை முகம் தெரியேல்லையே, தங்கச்சி," என்றேன்.

"பெட்டிக்குள்ளை கிடந்தவரைத்தான் எனக்கு ஆரெண்டு மட்டுக்கட்டேலாமல் கிடந்தது," என்றா. "இது இவர்தான்."

குதிரையை வெட்டிவிடவா என்று கேட்டேன். வேண்டாமாம். ஆகவே உமது பூசையில், மாலை போட்ட படத்துக்குள் ஒரு குதிரை துலக்கமாகவும் நீர் கலங்கலாகவும் நின்றீர்கள். பூசை வைத்த சுவாமியார் இரண்டு தரம் குனிந்து பார்த்தார்.

படத்தைப் பார்த்த மகள் பாரிசிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அழவில்லை. "மாமா, அப்பா இதிலை என்ன கதைச்சுக்கொண்டு நிக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள். படகோட்டியின் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, பிறகேன் அந்த மனிதர் மாமியாரோடு கதைத்தார் என்று கேட்டாள். என்னிடம் அதற்குமேல் இருக்கவில்லை. ஊர்க்கதை எதையும் பாதியில் விடாத எனக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா, சொல்லும்.

இப்போது எண்ணைத் தாராளமாகக் கூட்டுகிறேன். குருணி விழுகிறது, ஆட்கள் கையை ஆட்டிக் கதைத்து முடிக்கும் வரை கதையை அறுக்காமல் நின்று எடுக்கிறேன்.

அந்தப் படகோட்டி இன்னும் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் படகு ஓடுகிறார். போன மாதமும் அவருடைய படகில் நெடுந்தீவுக்குப் போய் வந்தனான். அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கேட்டால் சொல்லக்கூடிய ஆள்தான்; வாய் நுனி வரை வந்தது. ஆனால் அவர் சொன்னால் அது அவருடைய கதையாகப் போய்விடும். நீர் விட்ட இடத்தில் அது அப்படியே கிடக்கட்டும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.